அடியில் கிடந்த தமிழ்ப் படம்

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகுமாறு என்னைக் கேட்டார்கள். மேடையில் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். வசதிப்பட்ட வேளையில் வாசியுங்கள். கேட்க ஏதும் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

மென்பொருளின் கருவிகளை நான் உங்களுக்குக் கற்றுத்தரப் போவதில்லை. நான் இளைப்பாறிய பிறகு வந்த பதிப்புகளில் எனக்குத் தெரியாதவை ஏராளம். நான் சொல்ல விரும்புவது எல்லாவற்றிலும் எளிய ஒரு செயலைப் பற்றி: எழுத்தை அடக்கும் ஒரு சட்டகத்தையோ வடிவத்தையோ தெரிவு செய்வது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் அழுத்துகிறீர்கள். ஓரங்களில் சிறு புள்ளிகள் தோன்றுகின்றன. தெரிவாகிவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போகிறீர்கள். ஏதோ ஒன்று தெரிவாகியிருக்கிறது என்பது உண்மை. நீங்கள் நினைத்ததுதானா, நினைத்தவை அனைத்துமா என்பதை அந்தப் புள்ளிகள் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இதைச் சிரிப்போடு கற்றேன். ஒரு தோட்டப் பாடசாலையின் பரிசளிப்பு விழா அழைப்பிதழ். நிகழ்ச்சிநிரல் முழுவதையும் சற்று மேலே ஏற்ற வேண்டியிருந்தது. சட்டகங்களைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தேன். அப்படி இழுக்கும்போது கட்டத்துக்குள் முழுவதுமாக அடங்கியவை மட்டுமே தெரிவாகும். ஓர் ஓரம் வெளியே நீண்டிருந்தாலும் அந்தச் சட்டகம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பிரதம விருந்தினரின் பெயர் மிக நீளமானது. மற்றவை எல்லாம் மேலே போக, அது மட்டும் நின்று, 'வரவேற்பு நடனம்' என்ற வரிக்கு நேரே அமர்ந்துகொண்டது. விருந்தினர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, நல்ல பருமன். பாடசாலை அதிபர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "இப்படியே வச்சுருவமா சேர்? இந்த வருசமாவது சனம் நிறைய வரும்" என்றார். துண்டுக் காகிதம் ஒட்டிச் சமாளித்தோம்.

அந்தப் பிழையால் எவருக்கும் கெடுதல் நேரவில்லை. இரண்டாவது பிழை அப்படிப்பட்டதன்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நம் நிறுவனம் அப்போது இரத்தினபுரியில், ஒரு மாணிக்க வியாபாரியின் கடைக்கு மேல்மாடியில், மூன்று அறைகளில் இயங்கியது. தோட்டப்புறச் சுகாதாரம், குடிநீர், மண்சரிவு ஆகியவை பற்றிய துண்டுப்பிரசுரங்களை இரு மொழிகளிலும் தயாரித்தோம். நான் வடக்கிலிருந்து வந்தவன், சமூகவியல் பட்டதாரி. சரியான தகவல் சரியான நேரத்தில் ஒருவர் கையில் கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்று உறுதியாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன். தவறான தகவலும் அதே வேகத்தில் வேலை செய்யும் என்பதை மட்டும் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து மேசையில் சுனில் இருந்தார். சிங்களப் பக்கங்கள் அவருடையவை. மாவனல்லையில் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் அவருடைய தமிழ் அந்த ஊர்த் தமிழாகவே இருக்கும். என் யாழ்ப்பாணப் பேச்சும் அவருடைய மாவனல்லைப் பேச்சும் சேர்ந்தால், கீழே கடையில் இருப்பவர்கள் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைப்பார்கள்.

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழை அதற்குள்தான் இருந்தது. ஒரே கோப்பு, இரண்டு மொழி. பக்கத்தின் ஒரே இடத்தில் சிங்களச் சட்டகமும் தமிழ்ச் சட்டகமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். சிங்களப் பிரதி எடுக்கும்போது தமிழ்ச் சட்டகங்களைப் பக்கத்துக்கு வெளியே உள்ள வெற்றிடத்துக்கு இழுத்து விடுவோம்; தமிழ்ப் பிரதிக்குச் சிங்களத்தை இழுத்து விடுவோம். மொழிக்கொரு அடுக்கு அமைத்து மூடவும் திறக்கவும் இன்று உங்களுக்கு இருக்கும் வசதி எங்கள் பதிப்பில் இருக்கவில்லை. ஒப்புதல் தரும் அதிகாரிகள் சிங்களப் பிரதியையே பார்த்துக் கையொப்பமிடுவார்கள். ஆகவே சிங்களத்தை எப்போதும் மேலே கொண்டுவந்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். ஏற்படுத்தினோம் என்பதுகூடச் சரியில்லை. நானே ஏற்படுத்தினேன். எவரும் கட்டளையிடவில்லை, வேலை இலகுவாக இருந்தது.

கஹவத்தைப் பக்கத்தில் ஓர் இறப்பர்த் தோட்டம். அதன் மலைச்சரிவையும் அடியிலுள்ள சிங்களக் கிராமத்தையும் ஒரு பொறியியலாளர் பார்வையிட்டு, மழைக்காலத்தில் எந்தெந்த வீடுகளை விட்டு வெளியேற வேண்டும் என்று வரைபடம் கொடுத்திருந்தார். பாதைகளும் ஓடையும் வீடுகளும் கறுப்புக் கோட்டில். ஆபத்தான பகுதி சிவப்பில். அந்தச் சிவப்பு வடிவத்தை நான் மென்பொருளிலேயே வரைந்தேன். சிங்களப் பெயர்களோடு சேர்த்துக் கட்டிய ஒரு தொகுதி, அதைப் பிரதியெடுத்துத் தமிழ்ப் பெயர்களோடு கட்டிய மற்றொரு தொகுதி. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டு அந்தச் சரிவில் இருந்தன. ஓடைக்கரையில் இருந்ததைப் பணிய லயம் என்றும், அதற்கு மேலே இருந்ததை மேட்டு லயம் என்றும் சொல்வார்கள். பணிய லயம் சிவப்புக்குள். மேட்டு லயம் வெளியே.

அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது பொறியியலாளர் திருத்திய வரைபடம் ஒன்றை அனுப்பினார். மறுமுறை ஏறிப் பார்த்தபோது மேட்டு லயத்துக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்புக் கண்டாராம். அந்த லயத்தையும் சேர்க்க வேண்டும். நான் சிவப்பு வடிவத்தை அழுத்தித் தெரிவு செய்தேன்; மூலைகளை மேலே இழுத்து மேட்டு லயத்தை உள்ளே அடக்கினேன்; சேமித்தேன். இரண்டு நிமிட வேலை.

நான் தெரிவு செய்தது மேலே கிடந்ததை. அடியில் கிடந்த தமிழ்ப் படத்தின் சிவப்பு பழைய அளவிலேயே இருந்தது. புதியது பெரியது என்பதால் பழையதை முழுவதுமாக மூடிவிட்டது. திரையில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. தமிழ்ப் பிரதி எடுக்கும்போது சிங்களத் தொகுதியை விலக்கினேன் அல்லவா, அப்போது பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். படம் சரி என்று மனம் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்ததால் எழுத்துகளை மட்டும் வாசித்தேன். சிங்களப் பிரதியில் அதிகாரி கையொப்பமிட்டார். படம் ஒன்றுதானே என்று தமிழ்ப் பிரதியை எவரிடமும் காட்டாமல் அச்சுக்கு அனுப்பினோம்.

தாள்கள் போய்ச் சேர்ந்தன. மழையும் வந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் முற்பகல், நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ரெங்கநாயகி, அந்தத் தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர். துண்டுப்பிரசுரத்தின் அடியில் இருந்த விலாசத்தைப் பார்த்து வந்திருந்தார். பொலித்தீன் பைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் விரித்தார்.

"சேர், இதெல்லாம் அடிச்சது நீங்கதானுங்களா?"

"ஓம். இருங்கோ அம்மா, முதல்ல இருங்கோ."

"இருக்க நேரமில்லீங்க. இது காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல எங்களுக்குக் குடுத்த தாளு. இது கீழ கிராமத்துல முதலாளி கடைச் செவுத்துல ஒட்டியிருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். தோட்டத்துல தமிழ் இஸ்கோலு இல்லாததால சிங்கள இஸ்கோல்லதான் படிச்சேன், தமிழு வீட்டுல கத்துக்கிட்டது. பஸ்ஸுக்கு நிக்கிறப்போ சும்மா வாசிச்சேனுங்க. அதுல எங்க மேட்டு லயம் செவப்புக்குள்ள இருக்கு. இதுல வெளியில இருக்கு." இரண்டின்மீதும் விரலை வைத்தார். "முதலாளிகிட்ட கேட்டுக் கிழிச்சுக்கிட்டு வந்தேன். நாங்க எந்தத் தாள நம்புறதுங்க?"

அச்சகத்தில் ஏதோ நடந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். சுனில் கோப்பைத் திறந்தார். சிவப்பை அழுத்தினார், புள்ளிகள் தோன்றின. விசைப்பலகையில் ஒரு விசையைப் பிடித்தபடி அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். அப்படிச் செய்தால் அடியில் உள்ளது தெரிவாகும். புள்ளிகள் இடம் மாறிச் சிறிய வடிவம் ஒன்றைச் சுற்றி நின்றன.

"மச்சான்," என்றார் மெதுவாக, "அடியில இன்னொண்டு ஈக்கிது."

கொழும்பிலிருந்த எங்கள் இணைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் நல்ல மனிதர். தோட்ட மக்களுக்காக வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் சொன்னதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன், ஏனெனில் அதில் நியாயம் இருந்தது. "புதிய தாளை உடனே அடியுங்கள். நான்கு நாளில் கொடுத்துவிடலாம். பழையது பிழை என்று போய்ச் சொல்ல வேண்டாம். 'மேலதிக ஆய்வின் பின் திருத்தியது' என்று போடுங்கள். பிழை என்று சொன்னால் இனி நாம் கொடுக்கும் எந்தத் தாளையும் நம்பமாட்டார்கள். பிறகு மழை வரும்போது எதை வைத்து அவர்களை எழுப்புவீர்கள்?"

இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. எச்சரிக்கை என்பது நம்பிக்கையால் மட்டுமே வேலை செய்கிறது. அதை உடைத்தால் அடுத்த மழைக்கு அதன் விலையை யாரோ கொடுக்க நேரலாம். ஒரு பக்கம் நான்கு நாள். மறுபக்கம் இனி வரும் ஆண்டுகள். நான் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். ரெங்கநாயகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பதும் என் முடிவுக்கு ஒரு காரணம். அதை மறைத்து என்னை உயர்த்திக்கொள்ள விரும்பவில்லை.

"நான் அங்கே போகிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சுனில் புதிய அச்சுத் தகடு செய்ய அங்கேயே இருந்தார். பொறியியலாளரின் திருத்திய வரைபடம், இரண்டு தாள்கள், நான்கு சிவப்புப் பேனை ஆகியவற்றோடு ரெங்கநாயகியுடன் கஹவத்தை பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாழ்ப்பாணமுங்களா?"

"ஓம்."

"அதான். நீங்க பேசுறது ரேடியோவுல செய்தி சொல்ற மாதிரி இருக்கு. அங்க வந்து கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இல்லாட்டி நம்ம ஆளுக செய்தி முடிஞ்சு பாட்டுப் போடுவாங்கன்னு உக்காந்துருவாங்க."

நான் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு, மேட்டு லயத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டேன்.

"பன்னெண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பமுங்க. இப்ப ரெட்டிப்பு."

"ரெட்டிப்பு எண்டால்?"

"உங்க தாளு வந்துச்சுல்ல. பணிய லயம் செவப்புக்குள்ள இருக்குன்னதும் அந்தச் சனம் பயந்துருச்சு. மேட்டு லயம் வெளியிலதானேன்னு பூராப் பேரும் எங்க காம்பராவுக்கு வந்துருக்காங்க. எங்க வீட்டுல மட்டும் ஒம்போது பேரு. மழையில பால் வெட்டவும் இல்ல. சமைக்கிறதும் சண்டை போடுறதுந்தான் வேலை."

பஸ் பெல்மதுளையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு குடும்பங்களை எச்சரிக்கத் தவறிவிட்டேன் என்று எண்ணியே புறப்பட்டிருந்தேன். உண்மையில் என் தாள், வேறு பன்னிரண்டு குடும்பங்களைத் தங்கள் வீட்டை விட்டு எழுப்பி, வெடித்த நிலத்தின் அடிவாரத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் தாளை நம்பினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். நான்கு நாள் காத்திருப்பது பற்றிய கணக்கு அந்த இருக்கையிலேயே முடிந்துபோயிற்று.

தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவின் முன்விறாந்தையில் ஆட்களைக் கூட்டினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. சுவரில் கிளியும் யானையும் வரைந்திருந்தது. பிற்பகல் நான்கு மணி இருக்கும். கேள்விப்பட்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் ஜீப்பில் வந்து ஓரமாக நின்றார். சிங்களவர், தோட்டத் தமிழ் சரளமாகப் பேசுவார்.

நான் மெதுவாகப் பேசினேன். உங்களுக்குக் கொடுத்த படம் பிழை, மேட்டு லயமும் ஆபத்தான பகுதிக்குள்தான் இருக்கிறது, இன்றே எல்லோரும் அங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொன்னேன். பிறகு முன்வரிசையில் குந்தியிருந்த, மீசை வைத்த ஒருவர் எழுந்தார்.

"சிங்களத் தாளுல சரியா இருக்குதுன்னு ரெங்கநாயகி சொல்லுது. தமிழ்த் தாளுல மட்டும் எப்படிங்க தப்பு வரும்?"

இளைய நண்பர்களே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்கள் தொழிலில் இப்படி ஒரு கேள்வி ஒருநாள் வரும். கணினிக் கோளாறு என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், அந்தக் காலத்தில் கணினி என்றால் எதுவும் நடக்கலாம். ஆனால் கணினி நான் தெரிவு செய்ததை அப்படியே திருத்தியிருந்தது. அதன்மீது பழியைப் போட்டால், எவ்வளவு பேரை எந்த நிலையில் விட்டேன் என்பதை நான் எனக்கே சொல்லாமல் விட்டிருப்பேன்.

தமிழ்த் தாளை மேசையில் வைத்தேன். அதன்மேல் சிங்களத் தாளை வைத்தேன். "இப்பிடித்தான் ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடந்தது. திருத்தச் சொல்லி வந்தபோது மேல கிடந்ததை நான் திருத்தினன். அடியில கிடந்ததைப் பாக்கேல்லை. கணினி செய்த பிழை இல்லை. என்ர பிழை."

மீசைக்காரர் தாள்களைப் பார்த்தார். "அப்ப தமிழு எப்பவும் அடியிலதான் கெடக்குமுங்களா?"

சிலர் சிரித்தார்கள். அது இனிமையான சிரிப்பு அன்று.

ரெங்கநாயகி எழுந்தார். "அண்ணே, மேலயோ அடியிலயோ, அத பொறகு சேர்கிட்ட ஆற அமரக் கேப்போம். எங்கயும் ஓடிப்போக மாட்டாரு, கடைசி பஸ்ஸும் போயிருச்சு. மொதல்ல மண்ணு எங்க இருக்குன்னு வந்து பாருங்க."

அவர் முன்னே நடக்க, பத்துப் பதினைந்து பேர் மேட்டு லயத்தின் பின்புறம் ஏறினோம். கோழிக்கூட்டுக்குப் பின்னால், பன்னைச் செடிகளை விலக்கிக் காட்டினார். ஒரு கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்து, லயத்தின் நீளத்துக்கு இணையாக ஓடியது. லயத்து வடிகாலான கானில் வந்த நீர் செம்மண் கரைந்து தடித்திருந்தது. மீசைக்காரர் வெடிப்புக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். முழுக் குச்சியும் உள்ளே போயிற்று. "புள்ளைகள கூட்டிக்கிட்டு கெளம்புங்கப்பா" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

போவதற்கு இடம் வேண்டும். இறப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் பழைய ஸ்டோர் மறுபக்க மேட்டில் பூட்டிக் கிடந்தது. துரை தயங்கினார். "கடிதம் ஒண்ணும் இல்லாம நா எப்படித் தொறக்குறது? நாளைக்கி மேல இருந்து கேட்டா? மண்ணு சரியல்லேன்னா என்ன சொல்றது?"

"நான் எழுதித் தாறன்" என்றேன்.

ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து எழுதினேன். எங்கள் நிறுவனம் வெளியிட்ட தமிழ் வரைபடம் என்னுடைய கவனக்குறைவால் பிழையானது என்றும், மேட்டு லயத்தாரை இன்றே அகற்றுமாறு கேட்டுக்கொள்பவன் நான் என்றும், அதனால் வரும் கேள்விகளுக்கு நானே பொறுப்பு என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். துரை இரண்டு முறை வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் பூட்டின் திறப்பைக் கொடுத்தார். இருட்டுவதற்கு முன் இருபத்துநான்கு குடும்பங்களும் ஸ்டோருக்குள் வந்துவிட்டன. உள்ளே இறப்பர்ப் புகையின் மணம் சுவரிலேயே ஊறியிருந்தது. ஆட்கள் பாய் விரிக்கும்போது, கிடைத்த தமிழ்த் தாள்களிலெல்லாம் நான் சிவப்புப் பேனையால் கோட்டை மேலே நீட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது இனித் தேவையில்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

மழை ஒன்பது நாள் பெய்தது. மண் சரியவில்லை.

வெயில் வந்ததும் எல்லோரும் லயங்களுக்குத் திரும்பினார்கள். துரை மேலிடத்துக்கு எழுதினார். இணைப்பாளர் என்னை அழைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. வேலை போகவில்லை. ஆனால் ஒரு கவலை மாதக்கணக்கில் என்னோடு இருந்தது. முதலில் பிழையான தாளைக் கொடுத்தோம். பிறகு வீட்டை விட்டு எழுப்பினோம். மலை அசையாமல் நின்றது. இனி நாங்கள் சொல்வதை அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? இணைப்பாளர் பயந்தது இதைத்தான்.

அதற்கிடையில் வேலைமுறையை மாற்றினோம். பணித்தாளில் தமிழ்ப் பிரதிக்கும் தனியாக ஒரு கையொப்பம் சேர்ந்தது. இரண்டு மொழிக்கும் பொதுவான வடிவங்களைப் பிரதியெடுப்பதை நிறுத்தி, ஒன்றையே வைத்தோம். அச்சுக்கு முன் இரண்டு பிரதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து யன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தைச் சுனில் தொடங்கினார். பகல் வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் பொருந்த வேண்டும். நீங்கள் இன்றும் அப்படிச் செய்வதைப் பார்த்தேன், மகிழ்ச்சி. கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை அழுத்திப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக்குப் புதிய தாள் தயாரித்தபோது, தமிழ்ப் பிரதியின் கையொப்பத்துக்கு யாரிடம் அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. நான் இரண்டு மொழிப் பிரதிகளையும் ரெங்கநாயகிக்கு அனுப்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தன. சிவப்பில் அவர் கை வைக்கவில்லை. ஸ்டோருக்குப் போகும் வழியாக நாங்கள் அம்புக்குறி போட்டிருந்த இடத்தைப் பேனையால் பெரிதாகக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் எழுதியிருந்தார்: 'இந்தப் பாலம் போன மழைக்கே உடைஞ்சு போச்சுங்க. பிள்ளைகள் ஆத்துல விழும். கோயில் பக்கத்தால போடுங்க.' சிங்களப் பிரதியிலும் அதே இடத்தை வெட்டிச் சிங்களத்தில் எழுதியிருந்தார். பொறியியலாளர், அதிகாரி, நான், சுனில் ஆகிய நால்வரும் பார்த்துச் சரி என்று சொன்ன படம் அது.

அந்த ஆண்டு மழை கடுமையானது. ஒரு நாள் காலை தோட்டக் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது. முதல்நாள் பிற்பகல் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, கடைசி மூன்று காம்பராக்களின் சமையல் குசினிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று கிளாக்கர் சொன்னார். ஆட்கள் எப்படி என்று நான் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. நான் கைக்கு அகப்பட்ட தாள்களையும் பேனைகளையும் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டேன். பாதை இரண்டு இடத்தில் அடைபட்டிருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

கோயில் பக்கத்தால் ஏறி ஸ்டோரை அடைந்தபோது நண்பகல். உள்ளே புகையும் பேச்சும் நிறைந்திருந்தன. மீசைக்காரர் ஒரு மூலையில் நான்கு பேரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். கோழிகளைக்கூடக் கூடையோடு கொண்டுவந்திருந்தார்கள். ரெங்கநாயகி தகரத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இருக்கினமே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் இருக்கோமுங்க. நேத்து விடியக்காலையே வந்துட்டோம். கான்ல தண்ணி செவந்தா கெளம்பணும்னு தாளுல போட்டிருந்தீங்கல்ல, செவந்துச்சு, கெளம்பிட்டோம்." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "நீங்க எதுக்குங்க இந்த மழையில வந்தீங்க?"

நான் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றேன். யோசித்துப் பார்த்தால், எனக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

"சும்மா வந்தனான்" என்றேன்.

"அப்ப உக்காருங்க. சம்பல் ஒறைப்பா இருக்கும், பரவாயில்லையா?"

உட்கார்ந்தேன். உறைப்பாகத்தான் இருந்தது. மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.